கண்ணாடிமேல் குதிக்கும் நியூட்ரான்

பிரான்சின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த கிரெனோபிள் நகரத்தில் இஸேர், டிராக் என்ற இரண்டு ஆறுகள் கூடுகின்றன. அந்தக் கூடலை ஒட்டி லாவே–லான்ஜவன் நிறுவனத்தின் அணு உலை நிற்கிறது. மின்சாரம் எடுக்கும் உலை அல்ல அது. ஆய்வுக்கு நியூட்ரான்களைத் தருவதற்கென்றே கட்டப்பட்டது. 1971இல் இயங்கத் தொடங்கியது. அதன் மேல்தளத்தில், காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள், கருங்கல் மேடைமேல் மெருகேற்றிய கண்ணாடித் தகடு ஒன்று கிடக்கிறது. அதன்மேல் நியூட்ரான்கள் விழுகின்றன, எழும்புகின்றன, மறுபடி விழுகின்றன. ஆகத் தாழ்வாகக் குதிக்கும் நியூட்ரான் எழும்பும் உயரம் 13.7 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் வரும் பங்கைவிடச் சற்றே அதிகம்.

பூமியின் ஈர்ப்பும் குவாண்டம் விதியும் சேர்ந்து அந்தத் துள்ளலுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. துள்ளல் அந்தக் கணக்கிலிருந்து இம்மியளவு விலகினால் போதும், கண்ணாடிக்கும் நியூட்ரானுக்கும் நடுவே நாம் இதுவரை அறியாத ஏதோ ஒரு விசை வேலை செய்கிறது என்று சந்தேகிக்கலாம். இயற்கையின் புதிய விசையைத் தேட இப்படியொரு வழி எப்படி உண்டாயிற்று என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதில் பங்கெடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் புதிய விசையைத் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர். ஆளுக்கொரு காரியமாக வேறெதையோ செய்துகொண்டிருந்தார்கள்.

ஏன் தேட வேண்டும்? நமக்குத் தெரிந்த அடிப்படை விசைகள் நான்கு: ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவுக்குள் செயல்படும் வலு விசை, மெல்விசை. ஐந்தாவது ஒன்று உண்டா என்ற கேள்வி 1986இல் பெரிதாக வெடித்தது. ஹங்கேரியின் எட்வெஷ் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த தராசுச் சோதனைகளின் பதிவுகளை அமெரிக்காவின் எஃப்ரைம் ஃபிஷ்பாக் குழு மறுபடி புரட்டிப் பார்த்து, அதில் ஐந்தாவது விசையின் சாயல் தெரிகிறது என்று எழுதியது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அதைச் சோதிக்க இறங்கினார்கள். நம் பக்கத்துக் கர்நாடகத்திலும், கௌரிபிதனூரில் நிலத்துக்கடியில் அமைத்த ஆய்வறையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கௌசிக் குழு முறுக்குத் தராசு கட்டித் தேடி, 1988இல் முடிவை வெளியிட்டது. அந்தச் சாயல் எங்கேயும் உறுதிப்படவில்லை. ஆனால் தேடும் பழக்கம் தங்கிவிட்டது.

1998இல் இரண்டு காரணங்கள் புதிதாக வந்து சேர்ந்தன. பிரபஞ்சம் விரிவது வேகமெடுக்கிறது என்று தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்தவர்கள் கண்டார்கள். அதை விரட்டுவது எது என்று தெரியாமல் இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு நிமா அர்கானி-ஹமெட், சவாஸ் டிமோபூலோஸ், ஜார்ஜி டிவாலி ஆகிய மூவரும், நாம் வாழும் வெளிக்கு மேலும் சில பரிமாணங்கள் சுருண்டு கிடக்கலாம், அவை மில்லிமீட்டர் அளவுக்குக்கூடப் பெரியதாக இருக்கலாம் என்று ஒரு கோட்பாட்டைச் சொன்னார்கள். அது உண்மையானால் மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் நியூட்டனின் ஈர்ப்பு விதி மாறிப்போகும். கோள்களுக்கு இடையே அத்தனை துல்லியமாகப் பார்த்த விதியை, விரல்நகத்தின் தடிமனுக்கும் குறைந்த தூரத்தில் யாரும் சரிவரப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

பார்க்காததற்குச் சோம்பல் காரணமல்ல. ஈர்ப்பு மிக மிக மெலிந்த விசை. இரண்டு பொருள்களை நெருங்க வைத்தால், அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் கொஞ்சம் மின்னூட்டம், அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும் வான் டெர் வால்ஸ் விசை, உலோகப் பரப்புகளுக்கு நடுவே வெற்றிடமே உண்டாக்கும் காசிமிர் விசை என எல்லாம் எழுந்து ஈர்ப்பை மூழ்கடித்துவிடும். சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முறுக்குத் தராசோடு பல்லாண்டுகள் மல்லுக்கட்டிய குழு 2020இல் 52 மைக்ரான் இடைவெளி வரை போய்ச் சேர்ந்தது. அது மாபெரும் சாதனை. அதற்கும் கீழே ஒவ்வொரு மைக்ரானும் போராட்டம்.

ஆகவே தேவைப்பட்டது, இந்தக் கூச்சல் எதுவும் காதில் விழாத ஒரு துகள்.

அப்படியொரு துகள் இருக்கலாம் என்று 1920லேயே எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு ஊகித்திருந்தார். 1932 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் சாட்விக் அதைக் கண்டுபிடித்தார். பெரிலியத்தின் மீது ஆல்ஃபா துகள்கள் மோதும்போது ஏதோ ஒன்று புறப்பட்டு, மெழுகிலிருந்து புரோட்டான்களை உதைத்துத் தள்ளியது. பாரிசில் ஐரீன் கியூரியும் ஃபிரெடெரிக் ஜோலியோவும் அதைக் காமாக் கதிர் என்று எண்ணியிருந்தார்கள். புரோட்டானின் எடையை ஒத்த, மின்னூட்டமற்ற துகள் அது என்று சாட்விக் காட்டினார்.

மின்னூட்டம் இல்லை என்பதோடு கதை முடியவில்லை. அணுக்களுக்கும் மொத்தத்தில் மின்னூட்டம் கிடையாது. ஆனால் பக்கத்தில் ஒரு பரப்பு வந்தால் அணுவின் எலக்ட்ரான் மேகம் உருக்குலைந்து ஒருபக்கம் சாயும், அங்கேதான் வான் டெர் வால்ஸ் இழுப்பு பிறக்கிறது. நியூட்ரான் அப்படி எளிதில் சாய்வதில்லை. மின்புலத்துக்கு மசிந்து உருமாறும் தன்மை, அணுவோடு ஒப்பிட்டால் அதற்குக் கோடி கோடியில் ஒரு பங்குகூடக் கிடையாது. கண்ணாடிக்கு ஒரு மைக்ரான் தூரத்தில் அணு தவிக்கும். நியூட்ரான் அங்கே ஒரு பரப்பு இருப்பதையே அறியாமல் மிதக்கும். வேறெதுவும் பேசாத இடத்தில் ஈர்ப்பு மட்டும் பேசும். இந்த இல்லாமைதான் பின்னால் கருவியாயிற்று.

ஆனால் சாட்விக் கண்ட நியூட்ரான் வேகமானது. என்ரிக்கோ ஃபெர்மி 1934இல் ரோம் நகரில் அவற்றை மெழுகுக்குள் ஓடவிட்டு மட்டுப்படுத்தினார். அறையின் வெப்பத்துக்கு அடங்கிய நியூட்ரான்கூட நொடிக்கு 2200 மீட்டர் போகும். ஃபெர்மியின் பெரிய பங்கு, மெதுவான நியூட்ரானை அலையாகப் பார்த்ததுதான். வேகம் குறையக் குறைய அதன் அலைநீளம் கூடும். அலைநீளம் போதுமான அளவு நீண்டுவிட்டால் நியூட்ரானுக்குப் பரப்பில் இருக்கும் தனித்தனி அணுக்கருக்கள் தென்படுவதில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு சுவராகத் தெரியும். 1946இல் ஃபெர்மியும் வால்டர் ஜின்னும் சாய்ந்து வரும் நியூட்ரான்கள் கண்ணாடியில் பட்ட ஒளிபோலத் திரும்பிவருவதை வெளியிட்டார்கள். நியூட்ரான் நொடிக்கு ஏழு மீட்டருக்கும் குறைவாக, அதாவது சைக்கிளில் விரைந்து போகும் ஆளின் வேகத்தில் வந்தால், நிக்கல் போன்ற சில பொருள்களின் பரப்பில் எந்தக் கோணத்தில் பட்டாலும் திரும்பிவிடும்.

எந்தக் கோணத்திலும் திரும்புமானால் பாத்திரத்தில் பிடித்து வைக்கலாமே என்று 1959இல் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் ஸெல்டோவிச் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சோவியத் அணுகுண்டு வேலையில் முக்கிய இடம் வகித்தவர் அவர். இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் ஒட்டில்லை, அடிப்படை அறிவியலின்மேல் இருந்த ஆசையில் எழுதியது. ஆனால் அவ்வளவு மெதுவான நியூட்ரான் உலையில் இயல்பாக உண்டாகும் எண்ணிக்கை சொற்பம். உலையிலிருந்து வரும் கோடிக்கணக்கான வேகமானவற்றிலிருந்து அந்தச் சொற்பத்தை மட்டும் பிரித்தெடுப்பது யார்?

1968இல் மாஸ்கோவுக்கு வடக்கே தூப்னாவில் ஃபியோடர் ஷாப்பிரோவும் அவருடைய தோழர்களும் அதைச் செய்தார்கள். வளைந்த செப்புக் குழாய் ஒன்றை உலையிலிருந்து இழுத்து வந்தார்கள். வேகமான நியூட்ரான் வளைவில் சுவரைத் துளைத்து வெளியே போய்விடும்; மெதுவானது சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பிக் குழாயோடு வரும். மறுமுனையில் வந்து சேர்ந்தவை மிகச் சில. ஷாப்பிரோவின் நோக்கம் ஈர்ப்பு அல்ல, புதிய விசையும் நேரடியாக அல்ல. நியூட்ரானுக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் இம்மியளவு விலகி நிற்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய கனவு. எட்வர்டு பர்செல்லும் நார்மன் ராம்சேயும் 1950இல் எழுப்பிய அந்தக் கேள்விக்கு நியூட்ரானை நெடுநேரம் பிடித்து வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஷாப்பிரோ 1973இல் மறைந்தார். அவர் பிடித்த துகள் எதற்கெல்லாம் பயன்படும் என்பதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

அதே காலத்தில் ஜெர்மனியில் ஆல்பர்ட் ஸ்டெயெர்ல் வேறு வழியில் போனார். நியூட்ரான்களைச் செங்குத்துக் குழாயில் மேலே ஏறவிட்டார். ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்துக்கும் நியூட்ரான் 100 நானோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றலைப் பூமிக்குக் கொடுத்துவிட்டு மெலிகிறது. பின்பு அவர் ஒரு சக்கரம் கட்டினார். அதில் வளைந்த நிக்கல் தகடுகள். நியூட்ரான்கள் போகும் திசையிலேயே தகடுகள் சுழன்று ஓடும். விலகி ஓடும் தகட்டில் பட்டுத் திரும்பும் எதுவும் வேகத்தை இழக்கும் அல்லவா? நொடிக்கு 50 மீட்டர் வாக்கில் வந்த நியூட்ரான் 5 மீட்டர் வாக்கில் வெளியே வரும். 1980களின் நடுவில் அந்தச் சக்கரம் கிரெனோபிள் உலையின் மேல்தளத்தில் ஏறியது. தொடக்கத்தில் சொன்ன கண்ணாடித் தகட்டுக்கு நியூட்ரான் தருவது அந்தச் சக்கரம்தான்.

நடுவே 1975இல் அமெரிக்காவில் ஒரு காரியம் நடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உலையில் கொலெல்லா, ஓவர்ஹவுசர், வெர்னர் என்ற மூவர் சிலிக்கான் படிகத்தால் நியூட்ரான் அலையை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்தார்கள். படிகத்தைத் திருப்பி, ஒரு பாதை மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும்படி செய்தபோது, இரண்டு அலைகளும் சேருமிடத்தில் பொருத்தம் மாறியது. சில சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்குப் பூமி காட்டிய பேதம் அது. ஈர்ப்பும், குவாண்டம் விதியின் அடையாளமான பிளாங்க் மாறிலியும் ஒரே அளவீட்டில் தோள்சேர்ந்து நின்றது அதுவே முதல் தடவை.

அதோடு ஒரு பழைய பாடப்புத்தகக் கணக்கு உயிர்பெற்றது. தரையில் குதிக்கும் பந்தைக் குவாண்டம் முறைப்படி கணக்கிட்டால் என்ன வரும்? பந்து எந்த உயரத்துக்கு வேண்டுமானாலும் குதிக்க முடியாது. குறிப்பிட்ட சில ஆற்றல்கள் மட்டுமே அனுமதி. விடையாக வரும் அலையின் வடிவத்தை 1838லேயே ஜார்ஜ் ஏரி எழுதி வைத்திருந்தார், வானவில்லின் ஓரத்தில் ஒளி எப்படி மங்குகிறது என்று ஆராய்ந்தபோது. ரப்பர் பந்தில் இந்தக் குவாண்டம் விளைவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் நியூட்ரான் அவ்வளவு இலேசானது என்பதால் அதன் அலை கண்ணாடிமேல் மைக்ரான் கணக்கில் விரியும். 1978இல் சோவியத் ஒன்றியத்தின் லுஷ்சிகோவும் ஃபிராங்க்கும் மெதுவான நியூட்ரான்களை ஒரு தளத்தின் மேல் வைத்தால் இந்த நிலைகளைக் காணலாம் என்று எழுதினார்கள். லுஷ்சிகோவ், ஷாப்பிரோவோடு குழாய் இழுத்தவர்களில் ஒருவர்.

எழுதியதைச் செய்து பார்க்க இருபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. வலேரி நெஸ்விஷெவ்ஸ்கி, ஹார்ட்முட் அபெலெ உள்ளிட்ட பலர் அடங்கிய குழு, கிரெனோபிள், கட்சினா, தூப்னா, ஹைடல்பெர்க் ஆகிய இடங்களின் கைகளைச் சேர்த்துக்கொண்டு, 2002 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டது. ஏற்பாடு எளிமையானது, அதன் எளிமை எனக்கு இன்றும் வியப்பு. கீழே வழவழப்பான கண்ணாடி. மேலே, மைக்ரான் கணக்கில் ஏற்றி இறக்கக்கூடிய சொரசொரப்பான தகடு. சொரசொரப்பில் பட்ட நியூட்ரான் சிதறித் தொலைந்துபோகும். நடுவே இடைவெளியில் நியூட்ரான்கள் கிடைவாட்டில் நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் ஓட, மறுபக்கம் வந்து சேர்பவற்றை எண்ணுவார்கள்.

சாதாரணப் பந்துகளாக இருந்தால் இடைவெளி குறையக் குறைய எண்ணிக்கை சீராகக் குறைந்துகொண்டே வரவேண்டும். நியூட்ரான்கள் அப்படி நடந்துகொள்ளவில்லை. இடைவெளி 15 மைக்ரானுக்குக் கீழே இறங்கியதும் எதுவுமே வரவில்லை. ஒளியானால் அந்த இடுக்கில் தாராளமாகப் புகும். நியூட்ரானுக்கு மட்டும் வழி அடைபட்டது. ஆகத் தாழ்ந்த நிலையிலுள்ள நியூட்ரானின் அலைக்கே அவ்வளவு உயரம் வேண்டியிருந்தது. ஈர்ப்பு வகுத்த குவாண்டம் நிலைகளை மனிதர்கள் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது அப்போதுதான். தாழ்ந்த நிலையின் ஆற்றல் 1.41 பிக்கோ எலக்ட்ரான் வோல்ட், அடுத்தவை 2.46, 3.32, 4.08. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் இதைப்போல் சுமார் பத்து லட்சம் கோடி மடங்கு. இது வெறுமனே இரண்டு தகடுகளுக்கு நடுவே நெருக்கியதால் வந்த விளைவு, ஈர்ப்புக்கு இதில் வேலையில்லை என்று சொல்ல இடமிருந்தது. அதனால் தகடுகளைத் தலைகீழாக, சொரசொரப்பைக் கீழேயும் வழவழப்பை மேலேயும் வைத்துப் பார்த்தார்கள். கடந்து வந்தவை வெகுவாகக் குறைந்தன. மேலும் கீழும் வேறுவேறு என்று நியூட்ரானுக்குத் தெரிந்திருக்கிறது என்றால் அங்கே பூமி வேலை செய்கிறது.

புதிய விசையைத் தேடும் வேலைக்கு இந்த நிலைகளை உடனே கூப்பிட்டார்கள். 2003இல் அபெலெயும் தோழர்களும், 1 முதல் 10 மைக்ரான் வரையுள்ள தூரத்தில் ஈர்ப்பு போன்ற வேறு விசை இருந்தால் அது எவ்வளவுக்குமேல் வலிமையாக இருக்க முடியாது என்று கணக்கிட்டார்கள். ஈர்ப்பைவிடச் சுமார் லட்சம் கோடி மடங்கு வலிமையானவற்றைத்தான் அவர்களால் மறுக்க முடிந்தது. பெரிய வலை, பெரிய கண்கள். உயரத்தை அளப்பது என்ற முறையே அதற்குமேல் போகாது. தகட்டின் சொரசொரப்பு எப்படி விழுங்குகிறது என்ற கணக்கில் எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

இந்த வழி உண்மையில் பிறந்தது 2002இல் என்று பலர் எழுதுகிறார்கள். என் எண்ணம் வேறு. 2002இல் கிடைத்தது ஒரு காட்சி. கருவி பிறந்தது 2011இல்.

இயற்பியலில் வேறெந்த அளவையும்விடத் துல்லியமாக நாம் அளக்கத் தெரிந்தது அதிர்வெண்ணைத்தான். 1930களில் இசிடோர் ராபி அணுக்கற்றைகள்மேல் காந்தப்புலத்தை அதிரவிட்டு, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவ வைக்கும் சரியான அதிர்வெண்ணைத் தேடும் முறையை உருவாக்கினார். அணுக்கடிகாரம் வரை எல்லாம் அதன் வாரிசுகள். அபெலெ அப்போது வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். அவரும் டோபியாஸ் யெங்கெயும், பீட்டர் கெல்டன்போர்ட், ஹார்ட்முட் லெம்மல் ஆகியோரும் கேட்டது இதுதான்: ராபியின் முறையை ஈர்ப்பின் நிலைகள்மேல் ஏவினால் என்ன?

இங்கே இயற்கை ஒரு சலுகை வைத்திருந்தது. ஊசல் போன்ற அமைப்பில் குவாண்டம் நிலைகள் சம இடைவெளியில் அடுக்கியிருக்கும். அதை ஒரு அதிர்வெண்ணில் ஆட்டினால் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஏறிக் குழம்பும். குதிக்கும் நியூட்ரானின் நிலைகளோ மேலே போகப் போக நெருங்கிவரும், படிகள் ஒவ்வொன்றும் வேறுவேறு உயரத்தில் கட்டிய மாடிப்படி போல. அதனால் ஒவ்வொரு சோடி நிலைகளுக்கும் தனக்கென ஒரு அதிர்வெண் உண்டு. முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்கு 254 ஹெர்ட்ஸ். முதலிலிருந்து மூன்றாவதுக்கு 460க்குச் சற்று மேல். நாலாவதுக்கு 650 அருகே. குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் கொடுத்தால் குறிப்பிட்ட சோடி மட்டும் பதில் சொல்லும், மற்றவை அசையாது. எண்களைக் கவனியுங்கள்: இவை நம் காதுக்குக் கேட்கும் சுருதிகள்.

ஆட்டுவதற்கு என்ன செய்வது? மின்காந்தத்தைக் கொண்டு தொட்டால் நியூட்ரானின் காந்தத் தன்மை வழியாக மின்காந்தம் உள்ளே நுழைந்துவிடும். அதைத் தவிர்ப்பதற்குத்தானே இத்தனை பாடும். அவர்கள் கண்ணாடியையே ஆட்டினார்கள். கீழே கிடக்கும் தகட்டை மேலும் கீழும் நுண்ணியதாக அதிரவிட்டார்கள். அதிர்வெண் பொருந்தாத வரை நியூட்ரான் முதல் நிலையிலேயே தொடரும், மறுபக்கம் வந்து சேரும். பொருந்தியதும் மூன்றாம் நிலைக்கு ஏறும், உயரம் கூடும், மேலே இருக்கும் சொரசொரப்பில் பட்டுத் தொலையும்; எண்ணிக்கை சரியும். அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே போய், எண்ணிக்கை பள்ளமாக விழும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 'நேச்சர் ஃபிசிக்ஸ்' இதழில் 2011இல் அது வெளிவந்தது.

இந்த அளவீட்டில் மின்காந்தம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும். நிலைகளை உண்டாக்குவது ஈர்ப்பு. நிலை மாற்றுவது கண்ணாடியின் அசைவு. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பவை மூன்றே மூன்று: நியூட்ரானின் நிறை, பூமியின் ஈர்ப்பு முடுக்கம், பிளாங்க் மாறிலி. மூன்றும் நமக்கு வேறு வழிகளில் நன்றாகத் தெரியும். ஆகவே அளந்த அதிர்வெண் கணக்கோடு ஒட்டாவிட்டால், காரணம் நாலாவதாக ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் குறுகிய தூரத்துக்கு மட்டும் ஏதோ இழுக்கிறது என்றால், தாழ்வான நிலையை அது அதிகமாகப் பாதிக்கும், உயர்ந்த நிலையைக் குறைவாக, அதிர்வெண் நகரும். கருவி என்று நான் சொன்னது இதனால்தான்.

2014இல் அந்தக் கருவி முதல் பெரிய வேலையைச் செய்தது. அமாண்டா வெல்ட்மனும் ஜஸ்டின் கௌரியும் 2004இல் முன்வைத்த பச்சோந்திப் புலம் என்ற கருத்து அப்போது இருண்ட ஆற்றலுக்கு விளக்கமாகப் பேசப்பட்டுவந்தது. சுற்றியுள்ள பொருளின் அடர்த்திக்குத் தக்கபடி அந்தப் புலம் தன் வீச்சை மாற்றிக்கொள்ளும். பாறையும் காற்றும் உள்ள இடத்தில் அதன் வீச்சு சுருங்கிவிடுவதால் நம் தராசுகளுக்குத் தட்டுப்படாது. விண்வெளியின் வெறுமையில் நெடுந்தூரம் பரவும். பெரிய உருண்டையை வைத்துத் தேடினால் அதன் தோல் மட்டுமே பங்கெடுக்கும், உள்ளே இருக்கும் நிறை மறைந்துகொள்ளும். நியூட்ரானோ மறைப்பதற்கு உள்ளிடம் இல்லாத அளவுக்குச் சிறியது. வெற்றிடத்தில் தனியாக ஓடுவது. 2011இல் பிலிப் பிராக்ஸும் கியோம் பிஞோலும் இந்தப் பொருத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். வியன்னாக் குழு அளந்து பார்த்தது. 10 என்ற எண்ணின் அடுக்கு மைனஸ் 14 எலக்ட்ரான் வோல்ட் அளவுத் துல்லியத்தில், நியூட்டன் சொன்னதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. வலுவாகப் பிணையும் பச்சோந்திப் புலங்கள் ஒரு பெரும் பரப்பில் ஒதுக்கப்பட்டன. அதே தரவிலிருந்து ஆக்சியான் என்ற ஊகத் துகளைப் போன்றவை உண்டாக்கக்கூடிய, நியூட்ரானின் சுழற்சியைச் சார்ந்த விசைக்கும் எல்லை வந்தது.

அடுத்த ஆண்டே பெர்க்லியில் ஹோல்கர் முல்லரின் குழு சீசியம் அணுக்களை வெற்றிட அறையில் ஒரு உருண்டைக்கு அருகே விழவிட்டு, பச்சோந்திக்கு நியூட்ரானைவிட மிகக் கடுமையான எல்லையை வைத்தது. போட்டியில் நியூட்ரான் பின்தங்கியது என்று இதைச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அணுக்கள் நின்று அளந்தது பரப்பிலிருந்து மில்லிமீட்டர் தொலைவில். பரப்பை ஒட்டி, மைக்ரான்களில், வான் டெர் வால்ஸ் தொல்லையின்றி நிற்பதற்கு நியூட்ரானைப்போல் வேறு துணை இல்லை. 2018இல் வியன்னாக் குழு, நடுவில் மேல்தகடே இல்லாத மூன்று பகுதி அமைப்பில் முதல் நிலையிலிருந்து மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் போகும் தாவல்களை அளந்து, சிம்மெட்ரான் என்ற இன்னொரு வகைப் புலத்தின் பெரும்பகுதியை விலக்கியது.

மைக்ரானுக்கும் கீழே, அணுவின் அளவில், கண்ணாடி உதவாது. அங்கே படிகங்கள் வேண்டும். 2021இல் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில், தரநிர்ணயத்துக்கான தேசிய நிறுவனத்தின் உலையில், பெஞ்சமின் ஹீகாக்கும் தோழர்களும் பிசகற்ற சிலிக்கான் படிகத்துக்குள் நியூட்ரான் அலையை ஓடவிட்டார்கள். உள்ளே அலை இரண்டாகி, ஒன்று அணுக்கருக்கள் நிற்கும் தளங்களை ஒட்டியும் மற்றது அவற்றுக்கு நடுவேயும் போகும். இரண்டும் ஊசல்போலத் தங்கள் வலிமையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்ளும். அந்த ஆட்டத்தை அளந்து, 0.02 நானோமீட்டர் முதல் 10 நானோமீட்டர் வரையுள்ள தூரத்தில் ஐந்தாவது விசைக்கு இருந்த எல்லையைப் பத்து மடங்கு இறுக்கினார்கள். சிலிக்கானோடு ஜெர்மானியத்தையும் சேர்த்து அளப்பது அவர்களின் அடுத்த திட்டமாக இருந்தது.

கிரெனோபிளில் இப்போது ராபியின் முறைக்குப் பதில் அவருடைய மாணவர் ராம்சேயின் முறை வந்திருக்கிறது. 1950இல் பர்செல்லோடு சேர்ந்து நியூட்ரானைக் கேள்வி கேட்ட அதே ராம்சே. இரண்டு இடங்களில் மட்டும் கண்ணாடி அதிரும். நடுவே நியூட்ரான் தொந்தரவின்றி நெடுந்தூரம் ஓடும். ஓட்டம் நீள நீள அதிர்வெண் கூர்மையாகும். அந்த நடுப்பகுதியைப் பயன்படுத்த 2011லேயே வியன்னாவில் ஒரு யோசனை எழுந்தது. கண்ணாடிக்கு மேலே ஒரு மின்முனையை வைத்து வலுவான மின்புலம் கொடுப்பது. ஒருமுறை மேல்நோக்கி, ஒருமுறை கீழ்நோக்கி. நியூட்ரானுக்கு மின்னூட்டம் முற்றிலும் இல்லையென்றால் இரண்டு தடவையும் அதிர்வெண் ஒன்றே. எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் கோடி கோடிக் கோடியில் சில பங்குக்கு மேல் நியூட்ரானுக்கு இருக்க முடியாது என்பது 1988இல் இதே கிரெனோபிள் உலையில் அளந்து வைத்த எல்லை. அந்த எல்லைக்குக் கீழே அது சரியாகச் சுழியமா என்பதைக் குதிக்கும் நியூட்ரானிடமே கேட்கலாம் என்பதுதான் அந்த யோசனை.